உபரித் தசை

தோசையைப் பிய்த்துச் சட்னியில் தொட்ட தாணுவின் கை பாதி வழியில் நின்றது. அவருடைய மணிக்கட்டின் உட்புறம், தோலுக்கடியில், ஏதோ ஒன்று மெல்லச் சுண்டியது. பிறகு விட்டுவிட்டு இன்னும் இரண்டு தடவை. அவர் பார்வை சன்னலைத் தாண்டி எங்கோ போய்த் தங்கியது. தனக்குள் சிரித்துக்கொண்டார்.

"நித்திலாவா?" என்று கேட்டாள் ஆவுடை.

"ம்."

"என்ன சொல்லுதா?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

அந்தச் 'சும்மா'வைத்தான் ஆவுடையால் தாங்க முடியவில்லை. சேதி என்றால் ஃபோனில் கேட்டுக்கொள்ளலாம். பரீட்சை எப்படி, காய்ச்சல் விட்டதா, பணம் அனுப்பவா, எல்லாவற்றுக்கும் ஃபோன் இருக்கிறது. சும்மாவை எதில் கேட்பது? டெல்லியில் படிக்கிற மகள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அப்பாவை நினைக்கிறாள். நினைத்த மாத்திரத்தில் தூத்துக்குடியில் அப்பாவின் கை அதை வாங்கிக்கொள்கிறது. அம்மாவையும் நினைப்பாளாக இருக்கும். வாங்கிக்கொள்ள அம்மாவின் கையில்தான் இடமில்லை.

டாக்டர் ஆவுடைநாயகி கை அறுவைச் சிகிச்சை நிபுணர். அந்தத் தசையை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் அந்த மாவட்டத்தில் இல்லை. முழங்கையின் உள்பக்க எலும்பு முண்டில் தொடங்கி, விரல் தடிமன் சதையாகக் கொஞ்சதூரம் வந்து, அப்புறம் வெறும் நாணாக நீண்டு, மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கையில் விரிந்து முடியும். பாடப்புத்தகத்தில் பால்மாரிஸ் லாங்கஸ். அது செய்யும் வேலையைப் பக்கத்திலிருக்கும் தசைகளே செய்துவிடும். அவளுடைய பேராசிரியர் அதை உபரித் தசை என்பார். எடுத்தாலும் கைக்குக் குறையில்லை. ஆகவே வேறு விரலில் நாண் அறுந்தால் ஒட்டுப்போட இதைத்தான் எடுப்பார்கள். ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கு அது பிறவியிலேயே இருக்காது. இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிஷம் போதும். பெருவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து, மணிக்கட்டை லேசாக மடக்கினால், நடுவில் நாண் வில் போல எழும்பும். கல்லூரியில் முதல் வருஷம் எல்லோரும் சிரித்துக்கொண்டே செய்துபார்த்தபோது ஆவுடையின் இரண்டு கைகளும் மழமழவென்று இருந்தன. அன்றைக்கு அது வேடிக்கை.

பிறகு இழை வந்தது. தலைமுடியைவிட மெல்லிய ஒரு கம்பி. எந்த வேலையும் இல்லாத தசை என்பதால் அதில் இழையைப் பதித்தால் வேறெதுவும் குழம்பாது. ஒருவர் அந்தத் தசையை இறுக்கினால், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், இணைந்திருக்கும் இன்னொருவரின் தசை அதே மாதிரி இறுகும். சனங்கள் அதற்குச் 'சுண்டு' என்று பெயர் வைத்தார்கள். பத்தே வருஷத்தில் பெண்பார்க்கும் வீடுகளில் காப்பித் தட்டை இறக்கி வைத்ததும், "கையைக் கொஞ்சம் மடக்கிக் காட்டும்மா" என்று கேட்கிற வழக்கம் வந்துவிட்டது. நாண் எழும்பாதவர்களுக்கு மொட்டைக்கை என்று பெயர். நல்லவேளை, ஆவுடைக்கு அதற்கு முன்பே கல்யாணம் முடிந்திருந்தது.

அன்று காலை அவளிடம் வந்தவள் பெயர் ஜெனோவா. முத்துச்சிப்பிப் பண்ணையில் சிப்பி திறக்கிறவள். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். மூன்று மாதத்துக்கு முன்பு கத்தி வழுக்கி வலது பெருவிரலின் அடியில் இறங்கியிருக்கிறது. பண்ணைக்குப் பக்கத்தில் யாரோ தோலை மட்டும் தைத்து அனுப்பியிருந்தார்கள். இப்போது பெருவிரலின் நுனி மடங்கவில்லை.

"உள்ள நாண் அறுந்திருக்கும்மா," என்றாள் ஆவுடை. "ஒரு முனை விரல்ல நிக்கி. இன்னொரு முனை சுருங்கி முன்கைக்குள்ள ஏறிட்டு. இழுத்துத் தைக்க முடியாது. நடுவுல வேற நாண் வச்சு ஒட்டுப்போடணும்."

"எங்க இருந்து எடுப்பிய?"

"இங்கேருந்துதான்." ஆவுடை அவளுடைய மணிக்கட்டைத் தொட்டாள்.

சுட்டுவிட்டாற்போல ஜெனோவா கையை இழுத்துக்கொண்டாள். "அது வேண்டாம் டாக்டரம்மா. அதுல எங்க வீட்டுக்காரவுக இருக்காக."

அவள் கணவன் தஸ்நேவிஸ் நடுக்கடலில், கடலுக்கடியில் வேலை செய்கிறவன். கடல்தரையிலிருந்து உலோகம் அள்ளும் நிலையம். ஒருமுறை இறங்கினால் எட்டு மாதம். அங்கே மூச்சுக்குக் கொடுக்கும் காற்றில் குரல் வாத்துக் கத்துவது போல மாறிவிடும். மாதம் ஒருமுறை கிடைக்கும் ஃபோனில் பாதி புரியாது. அவனும் கூச்சப்பட்டு சீக்கிரம் வைத்துவிடுவான். சுண்டு மட்டும் கேபிள் வழியே தடையில்லாமல் வந்துபோகும். குடும்பத்தில் ஒருவரோடாவது இழை இல்லாத ஆளைக் கம்பெனி கீழே இறக்குவதில்லை. அடைந்து கிடக்கிறவனுக்குப் புத்தி பிசகாமல் இருக்க அதுதான் பிடி.

"பெருவிரல் இல்லாமலே சிப்பி திறந்துக்கிடுவேன்," என்றாள் ஜெனோவா. "இத எடுத்துட்டா நான் என்ன செய்ய?"

"சரி, பதறாத. மடக்கிக் காட்டு, பாப்போம்."

நுனி மடங்காவிட்டாலும் பெருவிரல் சுண்டுவிரலைத் தொடுவதற்குத் தடையில்லை. ஜெனோவா தொட்டாள். மணிக்கட்டை மடக்கினாள். ஒன்றும் எழும்பவில்லை. இடது கையிலும் இல்லை.

ஆவுடை மறுபடியும் பார்த்தாள். வலது மணிக்கட்டில், வளையல் படும் இடத்துக்கு ஓரங்குலம் மேலே, இழை பதித்த தழும்பு இருந்தது. அது இருக்கவேண்டிய இடமே இல்லை. இழையை முழங்கைக்குக் கீழே, சதை திரண்ட இடத்தில் பதிக்கவேண்டும். ஸ்கேன் எடுத்துப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே அந்தத் தசையின் சுவடே கிடையாது. இழை மட்டும் மணிக்கட்டருகே கொழுப்பில் கிடப்பதுபோல் தெரிந்தது.

"யாரு பதிச்சா?"

"முதல்ல பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். கையைப் பாத்துட்டு இல்லைன்னுட்டாக. கல்யாணம் நிக்கப்போச்சு, அவுக வேலையும் போகப்போச்சு. அப்புறம் துறைமுகத்துப் பக்கம் ஒரு சந்துல சபூர் பாய்னு ஒருத்தர். என் கையைப் பிடிச்சிக்கிட்டு கண்ணை மூடி அரைமணி நேரம் உக்காந்திருந்தாரு. 'உனக்கு இங்க இருக்கு தாயி'ன்னு விரலால தொட்டுக் காட்டினாரு. அதே இடத்துல வச்சாரு."

லைசென்ஸ் இல்லாத ஆள். கண்ணை மூடிக்கொண்டு கைபார்க்கிற ஆள். ஆவுடைக்குக் கோபம் வந்தது.

"ரெண்டு நாள் கழிச்சு வாம்மா," என்று அனுப்பினாள்.

அந்த இரண்டு நாளும் அவளுக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. சொல்லாமலே முடித்துவிட வழியிருந்தது. கெண்டைக்காலிலும் இதே மாதிரி ஒரு மெல்லிய நாண் உண்டு; அதை எடுத்து ஒட்டிவிடலாம். 'உன் கையில் இருக்கிறதை நான் தொடமாட்டேன்' என்றால் பொய்யும் ஆகாது. ஆனால் காலிலிருந்து எடுக்கலாம் என்று சொன்னதும் ஜெனோவா நேராகக் கேட்டுவிட்டாள்.

"கையில இருந்துதான் எடுக்கணும்னீங்களே. ஏன் கால்ல?"

நோயாளி நேருக்கு நேர் கேட்டால் மறைக்கக்கூடாது என்பது ஆவுடையின் வழக்கம். "உன் கையில அந்தத் தசையே இல்லம்மா," என்றாள்.

ஜெனோவாவுக்கு உடனே புரியவில்லை. "அப்ப எனக்கு வருதே?"

"என்ன வருது?"

"காலையில வேலைக்கு இறங்குததுக்கு முன்னாடி ஒரு நீளம். மத்தியானம் ரெண்டு சின்னது, ஒரு பெருசு. அது சாப்பிட்டியான்னு. ஞாயித்துக்கிழம பூசை நேரத்துல…" அவள் நிறுத்தினாள்.

"நீ பொய் சொல்லுதன்னு நான் சொல்லல. கை போனவங்களுக்குக்கூட இல்லாத விரல் வலிக்கும். மனசு ரொம்ப எதிர்பாத்தா உடம்பு அத உண்டாக்கிக் காட்டும்."

"அவுகளும் வருதுன்னுதான சொல்லுதாக?"

ஜெனோவா தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே உப்பளத்துப் பாத்திகளில் வெயில் விழுந்து சன்னல் முழுக்க வெளிச்சம் அலைந்தது. அந்த அறையே தண்ணீருக்குள் இறங்கிவிட்டது போலிருந்தது.

"எனக்கு மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு சொல்லியிருப்பாக," என்றாள் கடைசியில். "நல்ல மனுசன். அப்படித்தான் சொல்லியிருப்பாக. ஆறு வருசமா."

அப்போதுதான் ஆவுடை தன் மனத்தின் ஒரு மூலையில் அதைக் கண்டாள். சின்ன நிம்மதி ஒன்று. இவளும் நம்மைப்போலத்தான் என்கிற நிம்மதி. பார்த்தவுடன் அதைத் துரத்திவிட்டாள். ஆனால் பார்த்தது பார்த்ததுதான். உண்மையைச் சொன்னது மருத்துவரா, காலைச் சாப்பாட்டு மேசையில் தனியே உட்கார்ந்திருப்பவளா என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் காலை ஜெனோவாவுக்கு அறுவைச் சிகிச்சை. மயக்கம் கிடையாது. கையையும் நாண் எடுக்கும் காலையும் மட்டும் மரக்கவைத்து, நோயாளியை விழிப்போடு வைத்துக்கொண்டு செய்வதுதான் ஆவுடையின் முறை. ஒட்டுப்போட்டபின் விரலை மடக்கச் சொல்லி அங்கேயே இறுக்கம் பார்த்துக்கொள்ளலாம். ஜெனோவா மெலிந்திருந்தாள். ஊசி போடும்போது மேற்கூரையைப் பார்த்தபடி, யாரையும் பார்த்துச் சொல்லாமல் சொன்னாள்:

"முந்தாநாள் கம்பெனியில இருந்து கூப்பிட்டாக. எங்க வீட்டுக்காரவுக தண்ணிக்குள்ள இறங்க மாட்டேங்காகளாம். வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கியளான்னு கேட்டாக. நல்லாத்தான் இருக்கோம்னேன்."

"நீ பேசினியா அவர்கிட்ட?"

"அடுத்த ஃபோனுக்கு இன்னும் நாள் கிடக்கு. என்னத்த பேச?"

ஆவுடை இன்னும் ஏதோ கேட்கக் குனிந்தாள். ஆனால் கை மரத்துவிட்டது, நேரமும் ஆகிவிட்டது. சிஸ்டர் எப்சிபா கருவிகளை நீட்டினாள்.

காலிலிருந்து நாண் சுளுவாகக் கிடைத்தது. வெள்ளை நூல் போல ஈரத்துணியில் சுற்றி வைத்தார்கள். பெருவிரலைத் திறந்து ஒரு முனையைக் கண்டாயிற்று. அடுத்து முன்கையின் கீழ்ப்பகுதியைத் திறந்து, மேலே ஏறிப்போன மறுமுனையைத் தேடினாள். தோல், கொழுப்பு, அதனடியில் வெள்ளை உறை. அதை விலக்கினால் நடுவில் பெரிய நரம்பு மங்கலான மஞ்சளில் கிடக்கவேண்டும்.

நரம்புக்கு மேலே வேறொன்று கிடந்தது.

சதை. இரண்டு விரல் நீளத்தில், இளஞ்சிவப்பாக, மணிக்கட்டை ஒட்டித் திரண்டிருந்தது. அதிலிருந்து ஒரு மெல்லிய நாண் மேல்நோக்கி, முழங்கைப் பக்கமாகப் போனது. ஆவுடை சற்று நேரம் அதன்மேல் குனிந்தே நின்றாள். மேலே இருக்கவேண்டிய சதை கீழே. கீழே இருக்கவேண்டிய நாண் மேலே. தலைகீழ்த் தசை. எப்போதோ படித்ததுண்டு; இருபத்திரண்டு வருஷத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கீழே சதையாக இருப்பதால் மடக்கினால் நாண் எழும்பாது. ஸ்கேனில் அவள் தேடியது மேலே. கீழே தெரிந்ததை விரல் தசைகளில் ஒன்று என்று தள்ளியிருக்கிறாள். சதையின் நடுவில், விளக்கு பட்டு, முடியளவு ஒரு மினுக்கம் ஓடியது. கொழுப்பில் அல்ல. நூல் பிடித்தாற்போல நட்டநடுவில் பதிக்கப்பட்டிருந்தது.

பிறகு அது அசைந்தது.

தன் கருவி பட்டுவிட்டதென்று நினைத்து இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக்கொண்டாள். யாரும் தொடவில்லை. வெளிச்சத்தின் கீழே, தெளிந்த தண்ணீருக்குள் ஒரு சின்ன மீன் உடம்பை நெளிப்பது போல, அந்தச் சதை தானாகச் சுருங்கியது. விட்டது. மறுபடியும் சுருங்கியது.

"ஜெனோவா, கையை அசைச்சியா?"

"இல்லியே. கை இருக்கதே தெரியல டாக்டரம்மா."

ஜெனோவாவின் முகத்தை மறைத்திருந்த திரைப் பக்கம் ஆவுடை திரும்பினாள். "இந்த ஒன்பது நாள்ல உனக்கு… அது வந்துச்சா?"

திரைக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. குரல் உடைந்திருந்தது. "வந்துச்சு. நீங்க சொன்ன பெறகு நின்னுரும்னு நெனச்சேன். நிக்கல. முன்னைக்கு ஜாஸ்தியாட்டுதான் வந்துச்சு. காலையில, மத்தியானம், எந்நேரமும். எனக்குக் கோட்டி பிடிச்சிட்டுன்னு நெனச்சு, கையைத் துணிய வச்சு இறுக்கிக் கட்டிக்கிட்டேன். ஒண்ணுக்கும் பதில் சொல்லல."

"நான் சொன்னது தப்பும்மா."

"என்னது?"

"உனக்கு அந்தத் தசை இருக்கு. தலைகீழா இருக்கு. எனக்குத் தெரியாம போச்சு. அந்தப் பாய் விரலாலயே கண்டுபிடிச்சிருக்காரு. நான் இத்தனை மிஷினை வச்சுக்கிட்டுக் கோட்டை விட்டுட்டேன். இப்ப என் கண்ணு முன்னால அசையிது. உனக்குக் கை மரத்துப்போனதால தெரியல. ஆனா அசையிது."

சிஸ்டர் எப்சிபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்கோ கடலுக்கடியில், பகலா இரவா என்று தெரியாத ஓரிடத்தில், மனைவி இருக்கிறாளா செத்தாளா என்று அறியாத ஒருவன் ஒன்பது நாளாகத் தன் கையை இறுக்கி இறுக்கி விட்டுக்கொண்டிருக்கிறான். அந்தக் கை இங்கே வந்து துடிக்கிறது. தன் வாழ்நாளில் ஒரு சுண்டைக்கூட உணராத ஆவுடை அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சொல்லுதாக?" என்று கேட்டாள் ஜெனோவா. "டாக்டரம்மா, பாத்துச் சொல்லுங்களேன். எப்படி வருது?"

ஆவுடை எண்ணினாள். "ஒரு சின்னது. அப்புறம் ஒரு பெருசு. இன்னொரு பெருசு. நிக்கிது." காத்திருந்தாள். "மறுபடியும் அதேதான். சின்னது, பெருசு, பெருசு. அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லுதார். என்னம்மா அது?"

திரைக்கு அந்தப் பக்கம் ஜெனோவா அதை முணுமுணுத்துப் பார்த்தாள்.

"ஜெ…னோ…வா," என்றாள் ஜெனோவா. "என் பேரு."

மானிட்டர் மட்டும் தன்பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது.

"நான் பதில் சொல்லலாமா? கையை அசைக்கலாமா?"

"சொல்லு. மெதுவா. நான் தொடாம இருக்கேன்."

மரத்துப்போன கைதான், என்றாலும் சொன்னபடி கேட்கும். இந்த முறை சதை வேறு மாதிரி இறுகியது, வெளியிலிருந்து வந்த துடிப்பாக இல்லாமல், உள்ளே ஒருத்தி இருந்துகொண்டு செய்கிற காரியமாக. ஒரு நீளம். அவ்வளவுதான்.

"போச்சா?" என்றாள் ஜெனோவா.

"நல்லாப் போச்சு."

தசை அசையாமல் கிடந்தது. கூப்பிட்டுக்கொண்டே இருந்தவன் நிறுத்திவிட்டான். ஆவுடை இன்னும் குனிந்து பார்த்தாள். பிறகு அந்தச் சதை முழுவதும், சின்னதும் பெரிதும் இல்லாமல், எண்ண முடியாதபடி நடுங்கத் தொடங்கியது.

"இது எனக்குப் படிக்கத் தெரியலம்மா. கணக்கே இல்லாம நடுங்குது."

"அழுவுதாக," என்றாள் ஜெனோவா. "அழட்டும். கொஞ்ச நேரம் அப்படித்தான் இருப்பாக."

நடுக்கம் அடங்கியதும் அவள் மறுபடியும் கையை இறுக்கினாள். மறுமொழி வந்தது. அவள் கேட்டாள், ஆவுடை படித்துச் சொன்னாள், அவள் பதில் கொடுத்தாள். பின்பு ஆவுடையைக் கேட்பதையும் விட்டுவிட்டாள்; வருவது தெரியாவிட்டாலும் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது.

"எவ்வளவு நேரம் வேணும் உனக்கு?" என்றாள் ஆவுடை.

"நீங்க உங்க வேலையப் பாருங்க டாக்டரம்மா. நான் இவுககூடப் பேசிக்கிட்டு இருக்கேன்."

சிஸ்டர் எப்சிபா ஈரத்துணியைப் பிரித்து நாணை நீட்டினாள். ஆவுடை அதை வாங்கி, தலைகீழ்த் தசையைக் கண்ணிமையைத் தொடுவது போல மெல்ல ஓரமாக ஒதுக்கி, பெருவிரலின் நாணோடு சேர்த்துப் பிடித்தாள். சதை சுண்டும்போது ஊசியை நிறுத்தினாள். அது ஓய்ந்ததும் குத்தினாள். வழக்கமாக இருபது நிமிஷத்தில் முடிகிற தையல் அன்று ஒரு மணி நேரம் பிடித்தது. அவர்கள் இருவரும் பேச்சுக்கு நடுவே விட்டுக்கொடுத்த இடைவெளிகளில், ஒவ்வொன்றாகத் தைத்தாள்.